கதையில் வரும் விருந்து: பச்சை சூப் பழுப்பாகிறது, ரொட்டியின் முட்கள் காணாமல் போகின்றன

தாளிப்பு:
7 வயதுப் பிள்ளைக்குப் பிடித்த கதையில் காட்டு மந்திரவாதி ஒரு விருந்து வைக்கிறார். கொப்பரையில் பச்சை சூப், முள்ளெலி வடிவ ரொட்டி, நிறம் மாறும் பானம். மூன்றும் 4 பேருக்கு ஒரே இரவுச் சாப்பாடாக வேண்டும். ஒத்திகையில் கீரை சூப் அரை மணி நேரத்தில் குட்டை நிறத்துக்குப் போய்விட்டது. ரொட்டியில் கத்தரித்த முட்கள் வெந்ததும் மறைந்துவிட்டன. பானத்துக்குச் செயற்கை நிறம் வேண்டாம். எங்கே தப்பு?

அகப்பை:
சூப்பை மூடிக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியே போகாமல், மூடியில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். அமிலமும் சூடும் சேர்ந்து பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தைக் கழற்றிவிடும். மிஞ்சுவது காக்கி. கீரையை சூப்போடு வேகவைக்கவே வேண்டாம்.

ஒரு பெரிய வெங்காயத்தை 1 மேசைக்கரண்டி வெண்ணெயில் சிவக்காமல் வதக்கி, 300 கிராம் உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 800 மி.லி. தண்ணீரும் உப்பும் சேர்த்து 15 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு 200 கிராம் உறைந்த பட்டாணி, 3 நிமிடம். தனியே ஒரு பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 150 கிராம் பசலைக்கீரையை மூடாமல் 40 வினாடி போட்டு, ஐஸ் தண்ணீரில் அள்ளிப்போட்டுப் பிழிந்து, மைய அரைத்து வையுங்கள். பரிமாற 5 நிமிடம் இருக்கும்போது இந்த விழுதைக் கலந்தால் போதும்.

கிழங்கை மிக்ஸியில் ஓட்டாதீர்கள், மாவுச்சத்து வெளிவந்து பசை மாதிரி இழுக்கும். மத்தால் மசித்தாலே சரி. சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும் என்பார்கள். நிற்கும்தான், கூடவே கீரை கூழாகி சோப்பு வாடையும் வரும்.

மாவுக்கை:
ரொட்டிக்கு வருகிறேன். முட்களை எப்போது வெட்டினீர்கள்? உருட்டிய கையோடு என்றால் அதுதான் காரணம். இரண்டாம் முறை உப்பும்போது வெட்டு மூடிக்கொள்ளும். அடுப்புக்குள் போகும் நிமிடத்தில்தான் வெட்ட வேண்டும்.

500 கிராம் மைதா, 290 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 9 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை. 10 நிமிடம் பிசைந்து இரு மடங்காகும் வரை, சுமார் 1 மணி நேரம், மூடி வையுங்கள். தண்ணீரைக் கூட்டாதீர்கள், தளர்ந்த மாவில் முள் நிமிர்ந்து நிற்காது. 12 பங்காக்கி ஒரு முனையை மூக்காக இழுத்து, 30 நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் உப்பவிட்டால் கத்தரி பட்டதும் அமுங்கிப்போகும்.

முட்டை பூசுவதானால் வெட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள். பின்னால் பூசினால் வெட்டுக்குள் இறங்கி ஒட்ட வைத்துவிடும். கத்தரி நுனியைத் தண்ணீரில் நனைத்து, தலைப் பக்கமிருந்து சாய்வாக 1 செ.மீ. ஆழம் வெட்டுங்கள். அடுத்த வரிசை வெட்டுகள் முந்தைய வரிசையின் இடைவெளியில் விழட்டும். 200 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். கண்ணுக்கு உலர்திராட்சை என்றால் வெந்த பிறகு குச்சியால் துளை போட்டுச் செருகுங்கள். முன்பே வைத்தால் கருகித் துருத்திக்கொண்டு நிற்கும்.

தாளிப்பு:
நன்றி. சூப்பைக் காலையிலேயே செய்து வைக்கலாமா? பானம்?

அகப்பை:
கிழங்கு, பட்டாணி வரை செய்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். கீரை விழுது தனி டப்பாவில். இரண்டையும் காலையிலேயே கலந்து வைத்து மாலையில் சூடாக்கினால் பழைய கதைதான்.

சங்குப்பூ:
பானத்துக்குக் காய்ந்த சங்குப்பூ 10, கொதித்து இறக்கிய 500 மி.லி. தண்ணீரில் 5 நிமிடம். வடிகட்டி நன்றாக ஆறவையுங்கள். கெட்டியான சர்க்கரைப் பாகில் 2 மேசைக்கரண்டியும் 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒவ்வொரு கண்ணாடி டம்ளரின் அடியிலும் ஊற்றி, மேலே ஐஸ், அதற்கு மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு நீல நீர். பாகு கனம் என்பதால் அடியிலேயே நிற்கும், இரண்டும் தொடும் இடம் மட்டும் ஊதாவாகும். கலக்கும் வேலையைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். சங்குப்பூ இல்லையென்றால் ஊதா முட்டைக்கோஸைச் சுடுநீரில் 10 நிமிடம் ஊறவைத்த நீரும் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகும். கொதிக்கவிட்டால் நாற்றம் குடிக்கவிடாது.

புகை வர உலர் பனிக்கட்டி போடும் யோசனை இருந்தால் வேண்டாம். அது மைனஸ் 78 டிகிரி. ஒரு துண்டு வாய்க்குள் போனாலும் தொண்டை வெந்துவிடும்.

மாவுக்கை:
மாவு பிசைவதிலிருந்து ரொட்டி வெளியே வர 2 மணி 15 நிமிடம் ஆகும், அதை முதலில் தொடங்குங்கள். ரொட்டி அடுப்புக்குள் போனதும் கிழங்கைச் சூடாக்குங்கள், ரொட்டி வெளியே வந்ததும் கீரை விழுது. புகை வேண்டுமென்றால் கொதிக்கும் சூப்பே தரும். கொப்பரையை மூடாமல் மேசைக்குக் கொண்டு போங்கள்.