மழை ஓய்ந்த பிறகு போட்ட முள்ளங்கி

பாபநாசம் பக்கத்திலிருந்து:

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு மூன்று குழி கொல்லை இருக்கிறது. அவரையும் கத்திரியும் மாமியார் காலத்திலிருந்தே காய்க்கின்றன. கிழங்கு மட்டும் யாரும் போட்டதில்லை. "இந்த மண்ணுல கிழங்கு இறங்காது" என்பார்கள். வயலை ஒட்டிய களிமண். நனைந்தால் மண்வெட்டியை விடாது, காய்ந்தால் விரல் நுழையும் அளவு வெடிக்கும்.

முதல் வருடம் தீபாவளி முடிந்த வாரமே முள்ளங்கி விதைத்தேன். நாலாம் நாள் முளைத்துவிட்டது. அடுத்த வாரம் பிடித்த மழையில் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்று, அத்தனையும் அழுகிப் போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை நம் டெல்டாவின் சம்பா நெல்லுக்கு உயிர். அதே மழை இளம் முள்ளங்கிக்கு ஆகாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறு வருடம் மழைக்குப் பயந்து, கத்திரிக்கு விடுவது போலத் திண்ணையில் தட்டில் நாற்று விட்டு மார்கழியில் எடுத்து நட்டேன். தழை அப்படி ஒரு செழிப்பு! 45-ஆம் நாள் பிடுங்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால். அன்று ரொம்ப வருத்தப்பட்டேன்.

கொள்ளிடம் படுகையில் காய்கறி போடும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எங்கள் கொல்லைக்கே வந்து, ஒரு மூங்கில் குச்சியைப் பாத்தியில் அழுத்தினார். நாலு விரல் இறங்கி நின்றுவிட்டது. "எரு போட்டது இருக்கட்டும்மா. கீழ இறங்க வழி இருக்கான்னு பார்த்தியா?" என்றார். முள்ளங்கிக்கு ஆணிவேரேதான் கிழங்கு. பிடுங்கி நடும்போது அதன் நுனி ஒடிந்தாலும் மடங்கினாலும் வேர் பிரிந்துவிடும். கல்லோ கட்டியோ தட்டினாலும் அப்படித்தான். மக்காத சாணம் போட்டாலும் கிளைக்கும். அதனால் எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும்.

மூன்றாவது வருடம் வேலையை ஆவணியிலேயே தொடங்கினேன். களிமண்ணை ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து செங்கல் மாதிரி ஆகிவிடும், அதனால் மழைக்கு முன்பே கொத்திவிடச் சொன்னார் பெரியவர். ஒரு முழம் ஆழம் வெட்டி, கட்டி உடைத்து, நன்றாக மக்கிய எருவும் அரிசி ஆலையில் வாங்கிய உமிச்சாம்பலும் கலந்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. இரண்டு பாத்திக்கு நடுவில் தண்ணீர் வடிய வாய்க்கால். மழை அடித்து மண் இறுகாமலிருக்க மேலே வைக்கோல் போர்த்தி வைத்துவிட்டேன்.

மார்கழி 2-ஆம் தேதி வைக்கோலை விலக்கி, அரை அங்குல ஆழத்தில் விதைத்தேன். இரண்டு இலை விட்டதும் நாலு விரலுக்கு ஒரு செடி விட்டு மற்றதைக் களைய வேண்டும். முளைத்ததைப் பிடுங்க மனசே வராது. ஆனாலும் பிடுங்கிவிடுங்கள், நெருக்கத்தில் கிழங்கு பருக்காது. பிடுங்கிய கீரை பாசிப்பருப்பு போட்ட பொரியலுக்கு ஆயிற்று. யூரியா பக்கமே போகவில்லை, அது தழையைத்தான் வளர்க்கும். பாத்தியைக் காயப்போட்டுத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் அளவாக ஊற்றினேன். வழக்கமாக மேட்டூர் அணையை மூடும் ஜனவரி 28-ஐ ஒட்டித்தான் அறுவடையும் வந்தது. ஆற்றுத் தண்ணீர் நின்றாலும் இவ்வளவு சின்ன இடத்துக்குக் கைப்பம்புத் தண்ணீரே போதும்.

42-ஆம் நாள் முதல் கிழங்கைப் பிடுங்கினேன். நேராக, வெள்ளையாக, ஒரு சாண் நீளம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசையை இன்னும் பருக்கட்டும் என்று பத்து நாள் கூடுதலாக விட்டதில் உள்ளே பஞ்சு மாதிரி நெட்டியாகிவிட்டது. நாள் ஆனதும் எடுத்துவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

அக்கா, பீட்ரூட்டும் இதே மாதிரி மேட்டுப்பாத்தியில் நன்றாக வருகிறது. விதையை ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். நாம் ஒரு விதை என்று நினைப்பது பல விதைகள் ஒட்டிய கொத்து, இரண்டு மூன்று முளை வரும். ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கேரட் இரண்டு வருடம் போட்டுப் பார்த்தேன். முளைக்கவே பத்து நாளுக்கு மேல் ஆகிறது, அதுவரை மேல்மண் காயவே கூடாது. வந்த கிழங்கும் மெலிசாக, வெளிறிப்போய் இருந்தது. நல்ல நிறம் வர ஊட்டி மாதிரி குளிர் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேரட்டில் கைவைத்து மனசு விட்டுவிடாதீர்கள்.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

எங்களுக்கு மணல் பூமி, பனங்கிழங்குதான் பனிக்காலக் கிழங்கு. பழம் விழுந்த கொட்டைகளை ஆவணி, புரட்டாசியில் பொறுக்கி, பொலபொலவென்று மணலைக் குவித்து மேடு கட்டி, மேலே நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிடுவோம். முளை கீழ்நோக்கி இறங்கி மாவு சேர்த்துக்கொள்ளும். பொங்கலுக்குத் தோண்டினால் சரியாக இருக்கும். அதற்கு மேல் விட்டால் இலை வந்து நார் ஏறிவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நாரை உரித்து, நடுவில் குருத்தாக இருக்கும் பீலியை எடுத்துவிட்டுச் சாப்பிடணும். கொட்டையை வெட்டினால் உள்ளே தவுன் என்கிற பஞ்சு போன்ற இனிப்புப் பருப்பு இருக்கும், பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. வேலியோரப் பனை அப்படியே நின்றது. அந்த வருடமும் தை மாதத்தில் கிழங்கு தோண்டினோம்.

பாபநாசம் பக்கத்திலிருந்து:

களிமண் மேல் மணலைக் குவித்தால் எங்களுக்கும் பனங்கிழங்கு வருமா தம்பி? இங்கே பனை குறைந்துவிட்டது, கொட்டை கிடைப்பதில்லை.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

முளைக்குக் கீழே முழங்கால் உயரம் மணல் இருந்தால் வரும் அக்கா. ஆவணியில் வாங்க, சாக்கு மட்டும் எடுத்துவாங்க. மரத்தடியில் நிறையக் கிடக்கும்.