கடைசி அலையில் போன கொட் மீன்

மன்னார்ப் பொடியன்:
இங்கிலாந்தில் டஞ்சனெஸ் கடற்கரை, போன டிசம்பர். இரண்டு நாள் அடித்த தென்மேற்குக் காற்று அன்றுதான் ஓய்ந்திருந்தது. இடம் தெரியும்தானே, கணுக்கால் புதையும் கூழாங்கல் சரிவு, அலை காலடியில் வந்துதான் உடையும். இருட்டியதிலிருந்து தூண்டிலில் வைட்டிங் மீன் குஞ்சுகள்தான். ஒன்பது மணிக்குத் தடியின் நுனி இரண்டு தரம் தலையாட்டியது, பிறகு தங்கூசி நரம்பு அப்படியே தொய்ந்துவிட்டது. அடியில் பதிந்த ஈயத்தைப் பிடுங்கிக்கொண்டு கரைப்பக்கம் வருகிறதென்றால் கொட்தான். சுற்றினேன், கனத்தது.

கரை வரைக்கும் வந்துவிட்டது, அதைத்தான் சொல்ல வந்தேன். தலைவிளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வயிறு, திறந்த வாய், தாடையில் தொங்கும் அந்த ஒற்றை மீசை வரை பார்த்தேன். அலை திரும்பியது, கல்லெல்லாம் சரசரவென்று கீழே உருண்டது. நான் இழுத்தேன். டக். மீன் ஒரு கணம் கல்மேல் கிடந்தது. அடுத்த அலை அள்ளிக்கொண்டு போனது. எட்டு பவுண்டாவது இருக்கும். வீட்டில் கேட்டதற்கு வைட்டிங் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

குரொய்டன் தூத்துக்குடிக்காரன்:
தப்பிய மீன் எல்லாமே எட்டு பவுண்டுதான் தம்பி, கோபிக்காதீங்க. நானும் அங்கே ஒரு காட் மீனை, உங்கள் கொட்தான், விட்டிருக்கிறேன், அது கிடக்கட்டும். மீன் காலடிக்கு வரும்போது ரீலில் ஷாக் லீடர், வீச்சின் வேகத்தைத் தாங்க முன்னால் கட்டும் தடித்த நரம்பு, ஏறியிருக்குமே? அவுன்ஸுக்கு 10 பவுண்டு கணக்கு, 6 அவுன்ஸ் ஈயம் என்றால் 60 பவுண்டு தாங்கும் நரம்பு. அது எப்படி அறும்? லீடரே கட்டவில்லை என்றால் வீசும்போது ஈயம் பறந்து பக்கத்தில் நிற்பவர் மண்டையை உடைக்கும், முதலில் அதைச் சரி செய்யுங்கள். அப்புறம், அலை திரும்பும்போது இழுக்கவே கூடாது. மீனின் கனத்தோடு தண்ணீரின் கனமும் சேர்ந்துவிடும். நரம்பைத் தொய்ய விடாமல் கொஞ்சம் கொடுங்கள், அடுத்த அலை மீனைத் தூக்கும்போது நீங்கள் பின்னால் நடங்கள், அலையே மேலே கொண்டுவந்து போடும். இரைக்குக் கறுப்பு லக் புழுவோடு ஒரு துண்டு கணவாய் சேருங்கள். 5/0 அளவுத் தூண்டில் முள் இரண்டு. 35 செ.மீ.க்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிடுங்கள்.

செசில் கல்லன்:
அண்ணா, அவர் புழு கேட்கவே இல்லையே.

டோர்செட்டில் செசில் கடற்கரையில் எனக்கு நடந்தது வேறு. 18 மைல் கரையில் வெஸ்ட் பே பக்கம் கல் பட்டாணி அளவு, போர்ட்லண்ட் பக்கம் கைமுட்டி அளவு. நாங்கள் நின்றது முட்டிக்கல் பக்கம். அண்ணா சொன்னபடியே அலை மீனை மேலே போட்டது. செவுளில் கைவைத்துத் தூக்கலாம் என்று நாலு அடி கீழே இறங்கினேன். காலுக்கடியில் கல் மொத்தமாக ஓடியது, இடுப்பு வரை தண்ணீர். கூட வந்த மச்சான் ஜாக்கெட் தொப்பியைப் பிடித்து இழுத்தான். கழுத்து இறுகியபோது என் கையில் மீன் இன்னும் இருந்தது, அதை விடத் தோன்றவே இல்லை. மூன்று பவுண்டு மீன். மச்சான் அதற்குப் பிறகு செசிலுக்கு வரவில்லை.

குரொய்டன் தூத்துக்குடிக்காரன்:
இறங்கச் சொல்லி நான் எழுதவில்லை. டஞ்சனெஸில் இப்போது காட் எங்கே கிடைக்கிறது? அணுமின் நிலையத்துச் சுடுதண்ணீர் நின்றதோடு எல்லாம் போச்சு.

செசில் கல்லன்:
காட் குளிர்த் தண்ணீர் மீன் அண்ணா. சுடுதண்ணீருக்குக் கூடியது பாஸ் மீன்.

மன்னார்ப் பொடியன்:
லீடர் அறவில்லை அண்ணை. அறுந்தது முள்ளுக்கு மேலே இருந்த துண்டுத் தங்கூசி. அன்று மாலை முழுக்க வைட்டிங் பல்லால் அரம் போட்டமாதிரி ஆக்கியிருந்தது. விரலால் தடவினேன், சொரசொரத்தது. கை விறைத்திருந்தது, இன்னொரு வீச்சு தாங்கும் என்று விட்டேன்.