ஒரே ஒரு 50 நிமிட வகுப்பு: தகவல் எழுத்தறிவில் எதை வைப்பது, எதை விடுவது?

நூலடுக்கு:
முதலாண்டு மாணவர்கள் 40 பேர். தகவல் எழுத்தறிவுக்கு, அதாவது தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறனுக்கு, நூலகத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு 50 நிமிட வகுப்பு. நூலக அறிமுகம், நூற்பட்டியல், ஆறு தரவுத்தளங்கள் என எல்லாவற்றையும் காட்டுகிறோம். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். கட்டுரை என்று வந்ததும் முழுத் தலைப்பையும் தேடல் பெட்டியில் போட்டு, முதலில் வருகிற மூன்றை எடுத்துக்கொள்கிறார்கள். எதை வெட்டலாம்?

சொல்வலை:
ஐந்து தரவுத்தளங்களை வெட்டுங்கள். அறிமுகம் ஒரு பக்க வழிகாட்டியில் அடங்கும். ஏசிஆர்எல் (அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம்) 2016-இல் ஏற்ற தகவல் எழுத்தறிவுச் சட்டகத்தில் ஆறு கருத்துகள் உண்டு. ஒரு வகுப்பு தாங்குவது ஒன்றைத்தான். உங்களுக்கு அது தேடல்.

அதைவிட முக்கியம் தேதி. பருவத் தொடக்கத்தில் மாணவரிடம் தேடுவதற்கு ஒன்றும் இராது. கட்டுரைத் தலைப்பு கொடுத்த மறுவாரம் வையுங்கள்.

முதல் 10 நிமிடம் கணினி வேண்டாம், தாள் போதும். "தூக்கமின்மை மாணவர் மதிப்பெண்ணைப் பாதிக்கிறதா?" என்ற கேள்வியில் தேட வேண்டியவை தூக்கமின்மை, மாணவர், மதிப்பெண். 'பாதிக்கிறதா' தேடுசொல் அல்ல. அதையும் சேர்த்தால் நல்ல கட்டுரைகள் நழுவும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாற்றுச்சொற்கள் எழுதட்டும். மாற்றுச்சொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR: ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), கருத்துகளுக்கு நடுவே 'ஆண்ட்' (AND: எல்லாமே இருக்க வேண்டும்). அடுத்த 25 நிமிடம் அவரவர் தலைப்பிலேயே தேடட்டும். நீங்கள் வரிசை வரிசையாகப் போய்ப் பாருங்கள்.

அடைப்புக்குறி:
அந்த 25 நிமிடத்தில் இரண்டு பிழைகள் கண்ணில் படும். 'ஆர்' குழுவை அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால் பல தரவுத்தளங்கள் 'ஆண்ட்'டை முதலில் செய்துவிடும். தொடர்பில்லாதவை வந்து குவியும். அடுத்தது நட்சத்திரக் குறி (*): சொல்லின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து, அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடுவது. 'கேட்' (cat) என்று நிறுத்தி நட்சத்திரம் போட்டால் பூனையோடு கேட்டலிஸ்டும் (catalyst) கேட்டலாகும் (catalog) வரும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெடில் நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது 4 எழுத்துகள் வேண்டும். அதோடு, சொல்லை அந்தத் தரவுத்தளத்தின் பாடத்தலைப்போடு (கட்டுரைகளை வகைப்படுத்தும் நிலையான சொல்லோடு) தானாகப் பொருத்தும் வசதியும் அப்போது நின்றுவிடும்.

பக்கத்துத்தாவல்:
கிடைத்தது நம்பத்தக்கதா என்று மதிப்பிடுவதற்கும் கொஞ்சம் இடம் வையுங்கள். 2004-இல் வந்த 'கிராப்' (CRAAP) சரிபார்ப்புப் பட்டியலை, அதாவது புதுமை, பொருத்தம், ஆசிரியர், துல்லியம், நோக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் பட்டியலை, நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்க்க வைக்கிறது. நேர்த்தியாகச் செய்த போலித்தளம் எல்லாக் கட்டத்திலும் தேறிவிடும். புதிய தாவலைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள்.

சாட்பாட் தந்த மேற்கோள் என்றால் டிஓஐ எண்ணை (DOI, ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்) திறந்தே ஆகவேண்டும். இணைப்பு வேலை செய்யாவிட்டால் மாணவருக்கே சந்தேகம் வந்துவிடும். திறந்து வேறொரு கட்டுரை வருவதைத்தான் மாணவர்கள் கவனிப்பதில்லை. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒப்பிட வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்பதையும் பார்க்கலாம்: அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-இல் டிஓஐ பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது.

நூலடுக்கு:
நன்றி. கற்றார்களா என்று எதை வைத்துப் பார்ப்பது? இப்போது வினாடி வினா வைக்கிறோம்.

சொல்வலை:
வினாடி வினாவில் தெரிவது நினைவாற்றல். தேடல் குறிப்பு வாங்குங்கள், நான்கு வரி போதும்: முதலில் போட்ட தேடல், வந்த முடிவுகள் எத்தனை, எதை மாற்றினார், ஏன். அந்த 'ஏன்' வரியில்தான் கற்றது தெரியும். கடைசி 15 நிமிடத்தில் டிஓஐ சரிபார்ப்போடு இதையும் முடிக்கலாம். கட்டுரை மதிப்பெண்ணில் இதற்கும் ஒரு பங்கு இருந்தால்தான் எழுதுவார்கள். பாட ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.