பழைய டெஸ்க்டாப்பில் ஹார்டு டிஸ்க் மாற்றியபோது பார்த்தவை (பர்மாவின் ரங்கூன், மோல்மேன் ஊர்க்காரர்கள் எழுதியது)

ரங்கூன்:
500 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 7. டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் சி5 (படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு கட்டங்கள்) எட்டு என்று காட்டியது. உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரலான செக்டிஸ்க் ஓட்டியதுதான் தப்பு. அரைமணி நேரத்தில் 8 என்பது 312 ஆயிற்று. பிறகு டக்... டக்... என்று ஹெட் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) தட்டும் சத்தம். அடுத்த முறை போட்டபோது பயாஸில் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் நிரல்) டிஸ்க் பேரே வரவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

நோஞ்சான் டிஸ்க்கில் ஸ்லாஷ் ஆர் போட்ட செக்டிஸ்க் மூலைமுடுக்கெல்லாம் படிக்கும், திருத்துகிறேன் என்று அதிலேயே எழுதவும் செய்யும். முதலில் நகல். லினக்ஸ் பென்டிரைவில் ஏற்றி டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் கட்டளை: முதல் சுற்று மைனஸ் என், கெட்ட இடத்தைக் குடையாமல் தாண்டும். அடுத்தது மைனஸ் டி (டிஸ்க்கை நேரடியாகப் படிக்க), மைனஸ் ஆர்3 (விட்ட இடங்களை மூன்று முறை மறுபடி முயல). எது வரை நகலானது என்று குறிக்கும் மேப் ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் இல்லாமல் வேறிடத்தில் இருக்கட்டும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் பழையது முன்னே, புதியது பின்னே. மாற்றி அடித்தால் எல்லாம் போச்சு.

மோல்மேன்:
அண்ணே, எந்த எண் ஏறுகிறது என்று பார்க்காமல் டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். இங்கே ஒரு பெட்டியில் 05 (கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்கள்), சி5 இரண்டும் பூஜ்யம். சி7 (கேபிள் வழியே தகவல் போகும்போது வந்த பிழைகள்) மட்டும் 1900. அது கேபிள் கோளாறு. டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் முனை மழைக்கால ஈரத்தில் கறுத்துப்போயிருந்தது. புதுக் கேபிள் போட்டாலும் சி7 இறங்காது, ஏறுவது நிற்கும். அதுவே போதும்.

ரங்கூன், தாம்வே பகுதி:
புது எஸ்எஸ்டி, நகல் எல்லாம் சரி. மறுநாள் கரண்ட் போய் வந்ததும் நீலத்திரை, 7பி என்ற பிழை (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்பது). எஸ்எஸ்டி மேல் பழி விழுந்தது. பயாஸில் தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் நிற்கிறது! போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட்டுக்குப் பதில் 2.1தான் காட்டியது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் பயாஸ் அமைப்புகளைத் தாங்கும். அது போனதும் பயாஸ் டிஸ்க்கோடு பேசும் பழைய ஐடிஇ முறைக்குத் திரும்பிவிடும். புதிய முறையான ஏஹெச்சிஐயில் நிறுவிய விண்டோஸ் 7 அதில் எழாது. பேட்டரியை மாற்றி, ஏஹெச்சிஐ வைத்ததும் எழுந்தது.

இன்னும் சில, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றுவதானால், முதலில் விண்டோஸ் 7-இன் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஹெச்சிஐ டிரைவரின் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்குங்கள், பிறகு பயாஸ். 3.5 அங்குல டிஸ்க்கின் ஸ்க்ரூ எஸ்எஸ்டிக்கு ஆகாது, அதற்கு எம்3 (3 மி.மீ. ஸ்க்ரூ). முறுக்கினால் மரை போகும். டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் எட்டாது. பழைய மோலக்ஸ் பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயரில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த முனை வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒட்டித் தீப்பிடிக்கலாம்.

ரங்கூன்:
தாம்வே தம்பி சொன்ன கரண்ட் விஷயத்தோடு ஒன்று. எழுதும்போதே கரண்ட் போனால் அந்த செக்டார் அரைகுறையாக நின்று சி5 ஏறக்கூடும். அதன்மேல் மறுபடி எழுதியதும் சி5 இறங்கி, 05 ஏறாமல் இருந்தால் அந்த இடத்தில் டிஸ்க்கின் தட்டு நலம். அந்தச் சோதனையும் நகல் எடுத்த பிறகுதான்.