மழைச் சத்தம் கேட்டால் கண்ணை மூட முடியவில்லை

சிந்துபூந்துறையிலிருந்து:

தியானம் செய்த அனுபவத்தை இங்கே எழுதியவர்களில் நிறையப் பேர், அதனால் நிம்மதி கிடைத்ததாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது முதலில் கெடுதல்தான் செய்தது. இப்படியும் நடக்கும் என்று யாராவது சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் வீடு திருநெல்வேலியில், ஆற்றுக்குப் பக்கம். விடிவதற்குள் தாமிரபரணி வாசற்படி ஏறி உள்ளே வந்துவிட்டது. ஆச்சியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். இரண்டு ராத்திரி அங்கேதான். கீழே இருட்டுக்குள் ஃப்ரிட்ஜ் மிதந்து மிதந்து சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. டொம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொம்.

தண்ணீர் வடிந்தது, சேற்றை அள்ளினோம், சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு தகரத்தில் நாலு துளி விழுந்தால் போதும், எழுந்து போய்க் கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பேன். தண்ணீர் எதுவும் நிற்காது. வந்து படுப்பேன், மறுபடி எழுவேன். ஒரு ராத்திரிக்கு ஆறேழு தடவை.

தியானம் பண்ணிப் பார் என்றார்கள். போனில் ஒரு ஆப் இறக்கினேன். கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்றது. கண்ணை மூடினால் காது இன்னும் அகலமாகத் திறந்துகொள்கிறது. அந்த டொம் வந்துவிடும். மூச்சைக் கவனித்தால் நெஞ்சு படபடப்பது மட்டும்தான் தெரியும். பத்து நாள் பிடிவாதமாக உட்கார்ந்தேன். பதினோராம் நாள் உள்ளங்கை வியர்த்து எழுந்து ஓடிவிட்டேன். தியானம்கூட வராத மனசா நமக்கு என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணை ஏன் மூடுறீங்க? திறந்தே வைங்க. மூச்சைக் கவனிக்க வேண்டாம், பாதத்தைக் கவனிங்க" என்றார். பெரிய பயம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி உள்ளே திரும்பினால் அந்தப் பயமே முதலில் எதிரே வந்து நிற்குமாம். மூச்சும் நெஞ்சுத்துடிப்பும் பயம் ஏறி உட்காரும் இடங்கள் என்பதால், அப்படிப்பட்டவர்கள் தரையில் பாதம் படுவது, கையில் இருக்கும் பொருள், எதிரே தெரியும் மரம் என்று வெளியிலிருந்து ஆரம்பிக்கலாமாம். ஒரு வருடத்துக்கு மேல் என் மேல் நானே சுமத்திக்கொண்டிருந்த பழி அந்த அரைமணி நேரத்தில் இறங்கியது.

அப்புறம் ஒரு நாள் குறுக்குத்துறைக்குப் போனேன். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுப் பக்கமே போகாதவன். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது, தெரியும்தானே. வெள்ளம் வரும்போது உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டு, வடிந்தபின் கழுவிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்கள். படித்துறையில் கடைசிப் படிக்கு முந்தின படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். பொடிமீன்கள் வந்தன. முதலில் குதிகால் வெடிப்பில் ஒன்று, அடுத்து விரலிடுக்கில் ஒன்று. கடி என்று சொல்ல முடியாது, உதட்டால் தொட்டுத் தொட்டு விலகுகிற மாதிரி. காலை அசைத்தால் போய்விடும், அசையாமல் இருந்தால் வரும். அதனால் அசையாமல் இருந்தேன். நடுவில் மனசு ஃப்ரிட்ஜுக்குப் போனது. ஒரு மீன் தொட்டது, திரும்பி வந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழும்போது உள்ளங்கை காய்ந்திருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி, எழுதியதற்கு நன்றி. நான் சென்னைக்குப் பக்கம் திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாமில் இருந்து வந்தவன். எஸ். என். கோயங்கா பர்மாவில் கற்று 1969இல் இந்தியாவில் சொல்லித்தர ஆரம்பித்த முறை. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு மட்டும்தான். எனக்கு நாலாம் நாள் முட்டுவலி உயிர் போனது. வலி போகவில்லை, ஆனால் அதுவும் ஒரே மாதிரி இருக்கவில்லை. குத்தியது, சூடானது, துடித்தது, ஓரமாகப் போய் நின்றது. அதைப் பார்த்ததுதான் எனக்குக் கிடைத்தது. உங்களைப் போன்றவர் மருத்துவரைக் கேட்காமல் நேராக அங்கே போய் உட்காரக் கூடாது என்பதும் என் எண்ணம்.

இன்னொன்று. மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்களே, இந்த நொடியில் நடப்பதைக் கவனித்தபடி இருப்பது, அதன் மூலம் பாலி மொழியில் 'சதி' என்ற சொல். அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் நினைவு. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது. பால் பொங்கி வழிந்தால், "நெனப்ப எங்கல வச்சிருக்க?" என்பாள். மயங்கி விழுந்தவனை நினைவு தப்பிவிட்டது என்கிறோம், விழித்தால் நினைவு திரும்பியது என்கிறோம். தப்பிப் போனதும் திரும்பி வந்ததும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. மனசு ஃப்ரிட்ஜுக்குப் போனதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள் தம்பி. போனது தெரிந்து திரும்பினீர்களே, பயிற்சி அங்கேதான் நடந்தது. 1979இல் அமெரிக்காவில் ஜான் கபட்-சின் என்பவர் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இந்த மைண்ட்ஃபுல்னெஸைச் சொல்லித்தர ஆரம்பித்தார். அந்தப் பயிற்சியில் முதலில் வருவதே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்லுவதுதான்.

முக்கூடலிலிருந்து:

அண்ணாச்சிமார் சொன்னதெல்லாம் சரி. நான் 19 வருசமாகப் பீடி சுற்றுகிறேன். எங்கள் மகளிர் குழுவுக்குப் பேச வந்த ஒரு அம்மா, "உங்க கைவேலையே தியானம்தான்" என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. கை பழகிவிட்டால் அது தானாகச் சுற்றும். மனசு குழுக் கடனுக்கும் மகள் ஃபீஸுக்கும் போய்விடும். ஆயிரம் பீடி முடிந்திருக்கும், ஒன்றைக்கூடச் சுற்றிய ஞாபகம் இருக்காது. வேலை ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் கவனம் வந்துவிடாது. புகையிலைத் தூள் பறக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவளிடம், மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்றும் சொன்னார். அது நியாயமா?

நான் செய்வது சின்னது. ஒரு கட்டு, 25 பீடி, அது மட்டும் கணக்கு. இலை சுருளும்போது நரம்பு விரலில் உரசுவது, நூல் இறுகுவது, பீடியின் வாயை மடக்கும்போது நகம் உள்ளே அமுக்குவது. இருபத்தஞ்சும் முழுசாக வாய்த்த நாள் கிடையாது. பன்னிரண்டு, பதிமூன்று வரை போயிருக்கிறேன். மீதிக் கவனம் ராத்திரியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது. இலைக் கறை போகாது, ஆனால் தண்ணீர் ஓடுகிற அந்த ரெண்டு நிமிசம் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

சிந்துபூந்துறையிலிருந்து:

அக்கா, உங்கள் பதின்மூன்றைப் படித்துவிட்டு நானும் எண்ணிப் பார்த்தேன். நேற்று ராத்திரி மழை. பதினொன்றரைக்கு எழுந்துவிட்டேன். உடனே நடக்காமல் கட்டிலில் இருந்தபடி ரெண்டு பாதத்தையும் தரையில் வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. இடது பெருவிரலுக்குக் கீழே டைல்ஸ் இணைப்பு தெரிந்தது. இந்தத் தரை காய்ந்திருக்கிறது என்று கால் சொன்னது. "என்னல, முழிச்சிருக்கியா?" என்று ஆச்சி உள்ளேயிருந்து கேட்டாள். "ஆமா ஆச்சி, மழை பெய்யுது" என்றேன். "பெய்யட்டும்" என்றுவிட்டுப் புரண்டு படுத்தாள்.

கதவைத் திறந்து தெருவையும் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு தடவைதான்.