இன்வெர்ட்டர் விடும் சூட்டைக் குஞ்சுப் பெட்டிக்குக் கொண்டுபோகலாமா?

மூலனூர் சாளை:

வணக்கமுங்க. மூலனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு இன்னும் கரண்ட் கம்பி வரவில்லை. 3 கிலோவாட் சோலார் பேனல், 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி நான்கு. ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷின், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார் எல்லாம் இதில்தான் ஓடுகிறது.

உச்சி வெயிலில் இன்வெர்ட்டர் பக்கவாட்டில் விடும் காற்று நன்றாகவே சுடுகிறது. அறை 31 டிகிரி இருக்கும்போது அந்தக் காற்றில் தெர்மாமீட்டரை வைத்தால் 38 காட்டுகிறது. இன்னொரு பக்கம், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் ராத்திரியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகின்றன. 60 வாட் குண்டு பல்பு இரண்டு போட்டால் விடிவதற்குள் பேட்டரியில் ஒன்றரை யூனிட் போய்விடுகிறது. மூடாக்கு நாட்களில் அது பெரிய இழப்பு.

அந்தச் சூட்டை ஒரு பி.வி.சி. பைப் வைத்து 50 குஞ்சு இருக்கும் பெட்டிக்குத் திருப்பிவிட்டால் என்ன? வெயிலில் கிடைத்தது சும்மா காற்றோடு போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கோபி வயர்மேன்:

நல்ல கேள்விங்க அக்கா. முதலில் அதில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்ப்போம். பேனல் கரண்டைப் பேட்டரிக்கு அளவாக அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலர் 3 சதவீதம் போலச் சூடாக்கிவிடும். இன்வெர்ட்டர் 7 சதவீதம் போல. நடுப்பகலில் பேனல் முழு வேகத்தில் இருந்து, நீங்கள் ஆயிரம் வாட் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து 150 வாட்டை ஒட்டி வரும். இரண்டு மூன்று குண்டு பல்பு விடும் சூடு அது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது ராத்திரியில். அப்போது ஃப்ரிட்ஜும் ஒரு விளக்கும்தான் ஓடும். இன்வெர்ட்டர் சும்மா முழித்திருக்கத் தின்பதையும் சேர்த்தால் 50 வாட் தேறினால் பெரிது. அந்த 50 வாட்டிலும் காற்று பெரிதாகச் சுடாது. மணிக்கு 50 கன மீட்டர் காற்றை ஃபேன் தள்ளினால் அது 3 டிகிரிதான் ஏறும். அறை 21 டிகிரி என்றால் பைப்பில் 24 டிகிரிக் காற்று வரும்.

சரி, காற்றோட்டத்தைக் குறைத்துச் சூட்டைக் கூட்டலாமே என்று தோன்றும். அதை மட்டும் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் 10 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். என் மேஜைக்கு ரிப்பேருக்கு வரும் இன்வெர்ட்டர்களில் காற்று போகாமல் அலமாரிக்குள் அடைத்து வைத்தவைதான் அதிகம். பைப்பை இன்வெர்ட்டரின் வாயில் இறுக்கிப் பொருத்தவும் கூடாது. நான்கு விரல் இடைவெளி விட்டு ஒரு கூம்பு வைத்து, அதற்குத் தனியாக ஒரு 12 வோல்ட் ஃபேன் போடுங்கள்.

பல்லடம் கோழிப்பண்ணை:

அம்மிணி, நான் குஞ்சின் பக்கத்தைச் சொல்கிறேன். பொரித்த முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். 24 டிகிரிக் காற்றை ஃபேனில் வீசினால் குஞ்சுக்கு இன்னும்தான் குளிரும். குஞ்சுக்கு அசையாத சூடுதான் வேண்டும், வீசும் காற்று ஆகாது.

இன்னொன்று, கோழி எருவின் அமோனியாவும் இறகுத் தூசியும் திரும்பி இன்வெர்ட்டருக்குள் போனால் போர்டு அரித்துப்போகும். பேட்டரி இருக்கும் அறைக் காற்றையும் குஞ்சுகளிடம் கொண்டுபோகாதே. சார்ஜ் ஏறும்போது டியூபுலர் பேட்டரி ஹைட்ரஜன் விடும், கூடவே அமிலப் புகையும் வரும். அந்த அறைக் காற்று வெளியேதான் போக வேண்டும்.

கோபி வயர்மேன்:

அண்ணா சொன்னது சரி. இப்போது மாற்று வழிக்கு வருகிறேன்.

வெயில் அடிக்கும் நாளில் மத்தியானம் பேட்டரி நிறைந்த பிறகு, கன்ட்ரோலர் பேனலிலிருந்து எடுப்பதைக் குறைத்துவிடும். உங்கள் வீட்டில் உண்மையில் வீணாகப் போவது அதுதான். இன்வெர்ட்டர் சூட்டைவிடப் பல மடங்கு. பழைய 25 லிட்டர் கீசர் ஒன்றை, எலிமெண்டும் தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருந்தால், வாங்கி மாட்டுங்கள். பேட்டரி நிறைந்து ஃப்ளோட்டுக்கு (நிறைந்ததைத் தக்கவைக்கும் நிலைக்கு) வந்த பிறகு மட்டும் போடுங்கள். எர்த்திங்கும், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். 2 கிலோவாட் எலிமெண்ட் என்றால் அரை மணி நேரத்தில் 60 டிகிரி வந்துவிடும். அந்த நேரத்தில் மோட்டாரையும் தட்டு மெஷினையும் ஓட்ட வேண்டாம்.

பொழுது சாய்ந்ததும் அந்தத் தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் கேனில் பிடித்து, சாக்கு சுற்றிப் பெட்டிக்கு அடியில், குஞ்சு நிற்கும் வலைக்குக் கீழே வையுங்கள். 25 லிட்டர் தண்ணீர் 60-லிருந்து 35-க்கு ஆறுவதற்குள் 0.7 யூனிட் சூடு விடும். பல்பு எரித்த ஒன்றரை யூனிட்டில் பாதி அது. பெட்டியைச் சுற்றித் தெர்மோகோல் வைத்து, மேலே கோணி போட்டு, காற்றுக்கு ஓரத்தில் மட்டும் இடம் விட்டால் அந்தச் சூடு நின்று பேசும். முதல் வாரம் மட்டும் விடிகாலையில் ஒரு பல்பு தேவைப்படலாம்.

மூலனூர் சாளை:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். குஞ்சுக்குத் தண்ணீர் கேன்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் பகலில் வரும் அந்த 150 வாட்டை விட மனசில்லை. எங்களிடம் முருங்கை இருக்கிறது. மழைக்காலத்தில் இலை காயாமல் கறுத்துப்போகிறது. அதற்கு ஆகுமா?

கோபி வயர்மேன்:

அதற்குப் பொருத்தமாக அமையும் அக்கா. இலை காய 35 டிகிரி இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, காற்றில் ஈரம் குறைந்தால் போதும். 25 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை 7 டிகிரி சூடாக்கினால் ஈரம் 53 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.67 யூனிட் வேண்டும். 150 வாட் ஆறு மணி நேரம் வந்து, அதில் பாதி பயன்பட்டாலும் 600 கிராமுக்கு மேல் ஈரம் போய்விடும். பச்சை இலை முக்கால் பங்கு நீர்தான் என்பதால் நல்ல நாளில் முக்கால் கிலோ இலை காயும். மூடாக்கு நாளில் பேனலும் மந்தமாகத்தான் இருக்கும், அன்றைக்குக் கால் கிலோ போட்டுப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் அறை வேறு, பேட்டரி அறை வேறு என்று ஒரு தடுப்புச் சுவர் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இலை பரப்பும் தட்டுக்கு நைலான் வலை போதும். காற்று கீழிருந்து மேலே போகிற மாதிரி அடுக்குங்கள்.