அரியலூர் பக்கம் கிடைச்ச சுருள் கல்லும் எங்க வீட்டு சாளக்கிராமமும் ஒண்ணா?

மலைக்கோட்டை மீனா · ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பெரம்பலூர்ல ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம், திரும்பி வர்றப்ப என் பையன் (எட்டாவது படிக்கிறான்) காரை கிராமம் பக்கத்துல இருக்கிற செம்மண் பள்ளத்தாக்கைப் பாக்கணும்னு ஒரே அடம். போனா அங்க செடி கொடி ஒண்ணும் இல்ல, செவப்பும் சாம்பலுமா மடிப்பு மடிப்பா மண்மேடு, நடுநடுவுல கண்ணாடித் துண்டு மாதிரி என்னமோ மின்னுது. ஓடை ஓரமா அவன் ஒரு கல்லைப் பொறுக்குனான், உள்ளங்கை அளவு, ஆட்டுக்கொம்பு சுருட்டுன மாதிரி வரி வரியா.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் அதை வாங்கிப் பாத்துட்டு நேரா பூஜை ரூமுக்குப் போயி அவங்க மாமனார் காலத்து சாளக்கிராமத்தை எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சாங்க. அச்சு அசல் அதே சுருள். "இது கண்டகி நதியில மட்டும்தானே கிடைக்கும், இங்க எப்படிடி வந்துச்சு"ன்னு கேக்குறாங்க, எனக்குப் பதில் தெரியல. கடல் இங்கேர்ந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். சுனாமி கொண்டு வந்து போட்டிருக்குமா? இல்ல குமரிக்கண்டம்னு சொல்றாங்களே அந்த மாதிரி ஏதாவதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், பையன் ஸ்கூல்ல போய்ச் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கான்.

பாறைப்பித்தன் · ஞாயிறு, இரவு 10:47

மீனாக்கா, உங்க மாமியாருக்கு முதல்ல ஒரு கும்பிடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு தோணுச்சு பாருங்க, புவியியல் பாடமே அங்கதான் ஆரம்பிக்குது. நான் எம்.எஸ்சி. ஜியாலஜி படிச்சவன், முதல் ஃபீல்டு ட்ரிப்பே காரைதான்.

ரெண்டும் ஒரே வகைப் பிராணி, பேரு அம்மோனைட். பாக்க நத்தை மாதிரி இருந்தாலும் நத்தை இல்ல, நம்ம மார்க்கெட்ல விக்கிற கணவாய்க்குத்தான் சொந்தம். ஓட்டுக்குள்ள அறை அறையா தடுப்பு இருக்கும், கடைசி அறையில பிராணி குடியிருக்கும், மத்த அறையில காத்தை வெச்சுக்கிட்டு தண்ணியில மேல கீழ போய் வரும். ஒரு வேலை செய்யுங்க, கல்லை நல்லா கழுவி ஈரத்தோட வெயில்ல சாய்ச்சுப் பிடிங்க, மேல் ஓடு தேஞ்ச இடத்துல முருங்கை இலை ஓரம் மாதிரி நெளிநெளியா மெல்லிய கோடு தெரிஞ்சா அதுதான் அந்தத் தடுப்புச் சுவர் ஓட்டோட ஒட்டுன தையல். எந்த இனம், எந்தக் காலம்னு அந்தக் கோட்டை வெச்சு நிறைய கண்டுபிடிச்சுடுவாங்க.

ஆனா கடல் வேற வேற, இதை மாமியார்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. சாளக்கிராமம் டெத்திஸ்னு ஒரு பழைய கடலோட அடிச்சேறு, சுமாரா 15 கோடி வருஷம். இந்தியா வடக்க நகர்ந்து போய் ஆசியாவோட முட்டினப்ப (5 கோடி வருஷம் முன்னாடி) அந்தக் கடல் மூடிக்கிட்டு அதோட தரை அப்படியே மடிஞ்சு இமயமலையா எழுந்துச்சு. நேபாளத்துல முக்திநாத் கோயில் இருக்கிறது 3,700 மீட்டர் உசரத்துல, அந்தப் பக்கத்து கருப்புப் பாறையை கண்டகி அறுத்துக்கிட்டு வர்றப்ப உருண்டு வர்றதுதான் நாம பூஜையில வெக்கிறது. எவரெஸ்ட் உச்சியிலயே கடல் சுண்ணாம்புக்கல்தான் இருக்கு.

உங்க பையன் எடுத்தது புதுசா பொறந்த ஒரு கடலோடது. இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்து பிச்சுக்கிட்டுப் போனப்ப நடுவுல தரை விரிஞ்சு எறங்குச்சு, அந்தப் பள்ளம்தான் காவிரிப் படுகை. அப்புறம் கடல் உள்ள வந்துச்சு. அந்தக் காலத்துல பூமி ரொம்பச் சூடு, துருவத்துல இப்ப மாதிரி பெரிய பனிப்பாளம் கிடையாது, கடலடியில புதுசா எரிமலை மேடுகள் எழும்பி தண்ணியை மேல தள்ளுச்சு, அதனால உலகம் முழுக்கவே கடல்மட்டம் இப்ப இருக்கிறதை விட நூறு மீட்டருக்கு மேல உசந்து நின்னுச்சு. காரை களிமண் சுமார் 10 கோடி வருஷம் பழசு, அந்தக் கடலோட சேறு. சுனாமி ஒரு நாள் வந்துட்டுப் போயிடும், இது கோடிக்கணக்கான வருஷம் நின்ன கடல்.

அங்க கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுறது ஜிப்சம்னு ஒரு மெத்தான தாது, நகத்தால கீறினாலே கோடு விழும்.

தென்கடல் தேடி · திங்கள், காலை 7:30

நண்பரே, குமரிக்கண்டத்தை அவ்வளவு லேசா விட்டுட வேண்டாம். கடல்கோள் பத்தி நம்ம பழைய நூல்கள்ல இருக்கே, கடல் உள்ள வந்ததுக்கு அரியலூரே சாட்சின்னு எடுத்துக்கலாம் இல்லையா?

பாறைப்பித்தன் · திங்கள், காலை 8:55

ஐயா, கடல்கோள் நினைவை நான் மதிக்கிறேன், நம்ம கரையைக் கடல் பல தடவை தின்னிருக்கு. ஆனா இந்தக் கல்லை அதுக்குச் சாட்சியா கூப்பிட முடியாது. மனுஷன்னு ஒருத்தன் வந்தே ஏறக்குறைய 3 லட்சம் வருஷம்தான் ஆகுது. இந்த அம்மோனைட் கூட்டமே 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, டைனோசரோட சேந்து பூண்டோட அழிஞ்சு போச்சு. இந்தக் கடலைப் பாத்த ஒரு மனுஷக் கண்ணு கிடையாது. அதுலயும் இங்க கடல் உள்ள வந்தது மட்டும் இல்ல, வந்துச்சு, பின்வாங்குச்சு, திரும்ப வந்துச்சு. கல்லமேடு பக்கம் ஆத்து மணல்ல டைனோசர் எலும்பு கிடைக்குது, அப்ப அது தரை. அதுக்கு மேல படிஞ்ச நின்னியூர் அடுக்குல திரும்பவும் கடல், ஆனா அந்த அடுக்குல அம்மோனைட் இல்ல. அழிவுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன இருந்துச்சுங்கிறதை ஒரே மாவட்டத்துல நடந்தே பாக்கலாம், உலகத்துல இப்படி எத்தனை இடம் இருக்கும் சொல்லுங்க.

அரியலூரான் · திங்கள், மதியம் 1:20

நான் அந்த ஊர்க்காரன், எங்கப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல முப்பது வருஷம் வேலை பாத்தவரு. நாங்க சின்ன வயசுல புல்லட் மாதிரி கூரா இருக்கிற கல்லைப் பொறுக்கி ஜோப்பு நிறைய வெச்சிருப்போம், பின்னாடிதான் தெரிஞ்சுச்சு அது பெலம்னைட், அதுவும் கணவாய் ஜாதிதான், அதோட உள் எலும்பு மாதிரி. கல்லங்குறிச்சி சுரங்கத்துல பாறை வெட்டுன சுவரைப் பாத்தீங்கன்னா உள்ளங்கை உள்ளங்கையா சிப்பி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச தோசை மாதிரி, பாறையே சிப்பிதான். உங்க வீட்டுச் சுவத்துல பூசியிருக்கிற சிமெண்டு இங்கேர்ந்து வந்திருந்தா அதுவும் அந்தச் சிப்பிதான்.

எங்கப்பா ஒரு தடவை ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் பாதி இருக்கும், அவ்வளவு பெரிய சுருளைப் பாத்து மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்காரு, அன்னிக்கே வெடி வெச்சு லோடு ஏத்திட்டாங்க. அதை இப்பவும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு. கல்லை வெட்டாம பொழப்பு இல்ல, எனக்கும் தெரியும், ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆள் வந்து பாக்கக் கூடாதா?

2020 அக்டோபர்ல குன்னத்துல டைனோசர் முட்டைன்னு வாட்சப்ல பரவுச்சே ஞாபகம் இருக்கா, கூட்டம் கூட்டமா போனாங்க. அது முட்டை இல்ல, சேத்துல கிடந்த சிப்பி, அம்மோனைட்டைச் சுத்தி தாதுப்பொருள் படிஞ்சு படிஞ்சு உருண்டையான கல்லு. முட்டை இல்லன்னு தெரிஞ்சதும் எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, அந்த உருண்டையும் 10 கோடி வருஷக் கதைதானே.

லால்குடி லதா · திங்கள், இரவு 8:05

நான் டீச்சர், ரெண்டு விஷயம் மட்டும் சேத்துக்கிறேன். மீனா, பையனை சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, காரைக்குப் பக்கம்தான். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லா படுத்திருக்கு, 12 கோடி வருஷம்னு போர்டு வெச்சிருக்காங்க, 1940ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. ஆத்து வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்து கடல்ல தள்ளுன மரம், சேத்துல புதைஞ்சு நாருக்கு நார் சிலிக்கா (மணல்ல இருக்கிற அதே பொருள்) ஏறிப்போச்சு. கிட்டக்க குனிஞ்சு பாத்தா கணு விழுந்த இடம் கூடத் தெரியும், என் கிளாஸ் பசங்க அதைத் தொட்டுட்டு மரமா கல்லான்னு சண்டையே போட்டாங்க.

ரெண்டாவது, நம்ம ஊர் பேரு. 1840கள்லயே இங்க பொறுக்குன கல்லெல்லாம் லண்டன் போயி எட்வர்ட் ஃபோர்ப்ஸ்ங்கிற இயற்கை ஆய்வாளர் எழுதியிருக்காரு, அப்புறம் பிளான்ஃபோர்டுங்கிற புவியியலாளர் வந்து மேப் போட்டு இந்தப் பாறைங்களுக்கு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர்னே பேரு வெச்சாரு. நாம ஊட்டத்தூர்னா கோயிலை மட்டும்தான் நினைக்கிறோம், வெளிநாட்டு யுனிவர்சிட்டி பாறைப் புத்தகத்துல அந்தப் பேரு 150 வருஷத்துக்கு மேல அச்சாகிக்கிட்டு இருக்கு.

மலைக்கோட்டை மீனா · செவ்வாய், காலை 6:50

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி முழுக்க வீட்ல இதே பேச்சுதான். கல்லை நனைச்சுச் சாய்ச்சுப் பாத்தோம், ஒரு பக்கம் தேஞ்ச இடத்துல அந்த நெளிக்கோடு இருக்கு! மாமியார் கண்ணாடி போட்டுக்கிட்டு சாளக்கிராமத்துலயும் தேடுனாங்க, அது சந்தனம் பூசிப் பூசி வழுவழுன்னு இருக்கு, சரியா தெரியல. "ஒண்ணு மலை ஏறிடுச்சு, ஒண்ணு இங்கயே இருந்துடுச்சு"ன்னாங்க. அரியலூரான் அண்ணா, உங்க அப்பா சொன்னதைப் படிச்சுட்டு ஒரு சந்தேகம், நாங்க கல்லை எடுத்துட்டு வந்தது தப்பா? திருப்பி அங்கயே வெச்சுடணுமா?

அரியலூரான் · செவ்வாய், காலை 9:15

திருப்பிப் போட்டா அடுத்த மழைக்கு எங்க போகும்னு சொல்ல முடியாதும்மா. எந்த ஓடை, எந்தப் பக்கம், என்ன தேதின்னு இப்பவே ஒரு சீட்டுல எழுதி கல்லோட வெச்சுடுங்க, இடம் தெரியாத கல்லு வெறும் கல்லுதான். வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு, தம்பியைக் கூட்டிக்கிட்டு வந்து அவங்ககிட்ட காட்டுங்க, அவங்க கேட்டா குடுத்துடுங்க. அடுத்த தடவை காரைக்குப் போறதா இருந்தா மழை விட்ட மறுநாள் காலையில போங்க, வெயில் சாய்வா விழுறப்பதான் வரி தெரியும். தோண்ட வேண்டாம், பாத்துட்டு போட்டோ எடுத்தா போதும். களிமண் வழுக்கும், அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா ரோட்டு ஓரமா நின்னு பாக்கச் சொல்லுங்க, அங்கேர்ந்தே கடல் முழுசா தெரியும்.